இந்தக் கையை யாரும் இழுக்க வேண்டாம்

அப்பு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டுத்தான் உன் தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். அதை அடித்துவிடு என்றேன். நான் நலமாக இல்லை. உன் நலத்தை அறியும் ஆவலும் எனக்கு இன்றைக்கு இல்லை. கோபம்தான் இருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் குழறிக் குழறிச் சொல்வதைச் செல்விதான் தன் பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறாள். உன் அப்பா தக்காளிக் காவலுக்குத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், விடிந்துதான் வருவார். ஆனாலும் தெருவில் ஒரு நாய் குரைத்தால் போதும், இவள் விளக்குத் திரியை இறக்கிவிட்டுக் காகிதத்தைப் பாயின் அடியில் தள்ளிவிடுகிறாள். "அண்ணனுக்குக் கடுதாசி போட்டது தெரிஞ்சுச்சு, மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குத்தேன்" என்று உன் அப்பா இவளிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு எழுத்தையும் எழுதுகிறாள். அதனால் நீயும் ஒவ்வொரு எழுத்தையும் ஒழுங்காகப் படி.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் அப்பா வாசலில் நின்று சத்தமாகப் படித்தார், உன் அத்தையும் கேட்டாள். மில் ஆபீசில் உனக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வரி எழுதியிருந்தாயே, அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். "கல்யாணத்துக்குள் அம்மாவின் கையை எப்படியாவது சரிசெய்துவிடுங்கள். பெண் வீட்டார் முன்னால் சங்கடமாக இருக்கும்." எப்படியாவது என்று எழுதினாய் பார், அந்த ஒரு சொல்லைத்தான் உன் அப்பா பிடித்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், எலும்பு கட்டுகிற வைத்தியர் ஒருவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். அந்த ஆள் என் இடது தோளைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "இறுகிப்போச்சு. ரெண்டு பேரு ஆளைப் புடிச்சுக்கிட்டா, நான் கையை ஒரே தூக்காத் தூக்கி நேரா நிப்பாட்டிருவேன். மூணு நா உத்தரத்துல கயித்தக் கட்டி நிப்பாட்டிட்டா அப்புறம் இறங்காது" என்றார். ஏதோ சாய்ந்த பந்தக்காலை நிமிர்த்துகிற மாதிரி சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். இன்று வெள்ளி.

உனக்கு இந்தக் கை எப்படி இப்படி ஆனது என்று தெரியாது. தெரியாமலேதான் சரிசெய்யச் சொல்லி எழுதியிருக்கிறாய். ஆடியில் நான் கத்தரித் தோட்டத்தில் விழுந்தபோது இடது பக்கம் முழுக்க விட்டுப்போனது. கால் ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது. கை வரவில்லை. ஆனால் வலி இல்லை. அதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விழுந்த அன்றைக்கு இந்தக் கையில் வலியே இல்லை, நனைந்த துணி மாதிரி பக்கத்தில் கிடந்தது. வலியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் என்னைப் பார்க்க வந்தவர்கள்.

வாதம் வந்து படுத்தவர்களை நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். வருவார்கள், கட்டில் பக்கத்தில் உட்காருவார்கள், விளங்காத கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்குவார்கள், தலைக்கு மேலே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பொத்தென்று விழுந்தால் உயிர் இல்லை. மெதுவாக விழுந்தால் உயிர் வந்துகொண்டிருக்கிறது. தூக்கிப் பார்க்காமல் போனால் அக்கறை இல்லாமல் வந்ததாக ஆகிவிடும். ஒருத்தி விட்டுவிட்டுப் போனால் அடுத்தவள் வந்து, "எங்கிட்ட விழுகட்டும், நான் பாக்குறேன்" என்பாள். உன் அத்தை பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் விவரம் சொல்வாள்.

"நேத்திக்கு இருந்ததுக்கு இன்னைக்குச் செத்த மெதுவாத்தேன் விழுகுது, என்ன?"

"எங்க மதினி மெதுவா? தேங்கா விழுந்த கணக்காவுல்ல விழுகுது!"

"நீ சரியாத் தூக்கல. இன்னும் மேல கொண்டு போ."

நான் அங்கேதான் படுத்திருந்தேன். வாய் அப்போது எனக்குச் சரியாக வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்து அது வெளியே வருவதற்குள் கை மேலே போய்விடும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போகும், விழும். பதினைந்தாம் நாள் தோளில் ஊசி குத்துகிற மாதிரி தொடங்கியது. ஆவணியில் நீ மூன்று நாள் லீவில் வந்தாய். வந்ததும் வராததுமாக, "எந்திரிம்மா, நடந்து பாப்போம்" என்று ஆசையாகச் சொல்லி, அந்த இடது கையைத்தான் பிடித்து இழுத்து என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பினாய். உள்ளே ஏதோ களுக்கென்றது. உன் முகத்தில் அம்புட்டுச் சிரிப்பு. நான் கத்தினால் அந்தச் சிரிப்புப் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நீ ஊருக்குப் போன பிறகு அந்தத் தோளை வைத்துக்கொண்டு என்னால் திரும்பிப் படுக்க முடியவில்லை. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. வலியை மறைத்தால் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தேன். மறைத்ததால் உனக்கு ஒன்றும் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது உன் அப்பாவைப் பெற்றவர் இதே மாதிரி விழுந்தார். நான்தான் அவரைக் குளிப்பாட்டினேன். கனத்த ஆள். அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவேன், கையைப் பிடித்து இழுத்துத்தான் உட்கார வைப்பேன், சட்டை மாட்ட அந்தக் கையை முறுக்குவேன். அவர் கத்துவார். "சும்மா நடிக்கிறாரு, நம்மளப் படுத்துறதுக்குன்னே கத்துறாரு" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கடைசியில், நான் தண்ணீர்க் குடத்தோடு வருவதைப் பார்த்தாலே நல்ல கையை எடுத்து அந்தத் தோளின் மேல் பொத்திக்கொள்வார். குழந்தை பொம்மையை மறைக்கிற மாதிரி மறைப்பார். எட்டு மாதம் அப்படி இருந்து போய்ச் சேர்ந்தார். அவருக்கு நிஜமாகவே வலிக்கும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை, அப்பு. இப்போது என் நல்ல கை தானாக என் தோளுக்குப் போகிறது. போகும்போதெல்லாம் அவர் முகம்தான் வருகிறது. மற்றவர்கள் மேல் நான் கோபப்படுவது போதாது, என் மேலும் படுகிறேன்.

புரட்டாசியில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால் உன் அப்பா என்னைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே கை கால் பயிற்சிக்கென்றே வெளியூரில் படித்துவிட்டு வந்த ஒரு சிஸ்டர் இருந்தார். ஒல்லியான ஆள், ஆனால் பேச்சில் ஒரு அதட்டல் இருக்கும். மூன்று மாதத்தில் என் கையைத் தூக்கிப் பார்க்காத முதல் ஆள் அவர்தான். தோளுக்கு அடியில் மெல்லத் தடவினார். பிறகு செல்வியின் விரலைப் பிடித்து அங்கே வைத்து, "என்னம்மா தெரியுது?" என்று கேட்டார். "பள்ளமா இருக்கு சிஸ்டர், விரல் உள்ள போகுது" என்றாள் இவள். சிஸ்டர் சொன்னார்: "தோள் எலும்பைப் புடிச்சுக்கிட்டு இருந்தது தசைதான். தசை தூங்கிப்போச்சு. கை தன் கனத்துலயே கீழ தொங்குது. அதை எல்லாரும் புடிச்சு இழுத்து இன்னும் இறக்கிட்டாங்க. தூங்குறவனை எழுப்பணும்னா தொட்டு எழுப்புவீங்களா, காலைப் புடிச்சுத் தெருவுல இழுப்பீங்களா?"

வாதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் முதலில் சிரித்தேன். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உட்கார்ந்தால் மடியில் ஒரு தலையணை, அதன் மேல் கை. படுத்தாலும் கைக்குத் தனித் தலையணை. நடக்கும்போது மட்டும் கழுத்தில் துணி கட்டித் தொட்டில். தொடுகிறவர்கள் முழங்கையை அடியிலிருந்து தாங்க வேண்டும், மணிக்கட்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. என்னை எழுப்ப வேண்டுமென்றால் இடுப்பைப் பிடிக்க வேண்டும். பலகையில் ஒரு துணியை விரித்து, இரண்டு கையையும் கோத்து அதன் மேல் வைத்து, முன்னால் தள்ளிப் பின்னால் இழுக்க வேண்டும். வலி வருகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். "வலியைத் தாண்டிப் போனா வீரம்னு நெனைக்காதீங்க, வலிதான் உங்களுக்கு எல்லைக்கல்லு" என்றார். வாரம் ஒரு நாள் பஸ்ஸில் போய்வந்தோம். வீட்டில் செல்வி காலையும் மாலையும் பார்த்துக்கொண்டாள். பலகையைத் துடைக்கிற மாதிரி நான் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து உன் அத்தை, "நல்ல வைத்தியம்டி! வீட்டுல இருக்குற அழுக்கெல்லாம் போயிரும், வாதம் மட்டும் போகாது" என்பாள். சொல்லட்டும். ஒரு மாதத்தில் நான் இரவில் தூங்கினேன். இரண்டு கையையும் கோத்தால் நெஞ்சு வரைக்கும் வலியில்லாமல் தூக்கினேன். விரல் இரண்டு லேசாக மடங்கின. உனக்கு எழுதச் சொன்னேனே, எழுதினார்களா?

எழுதியிருக்க மாட்டார்கள். ஏனென்றால் கார்த்திகையில் உனக்குப் பெண் பேசி முடித்தார்கள். வத்தலக்குண்டில் நிச்சயம் நடந்தபோது மாப்பிள்ளையைப் பெற்றவள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். காய்ச்சல் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். காய்ச்சல்! பெண்ணின் மாமன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்த அன்றோடு என் ஆஸ்பத்திரிப் பயணமும் நின்றுபோனது. கழுத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதை அவர் பார்த்துவிடக் கூடாதாம். "கையி வெளங்காத மாமியான்னு தெரிஞ்சா பொண்ணக் குடுப்பானா? கல்யாணத்தன்னைக்கு நீ ரெண்டு கையையும் தூக்கி அட்சதை போடணும். அம்புட்டுப் பேரும் பாக்கணும்" என்றார் உன் அப்பா. நான் என்ன களவாணியா, என்னை ஒளித்து வைக்க? என் பிள்ளைக்கு வருகிற பெண்ணை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. என் கை வலிக்கிறதா என்று கேட்க இந்த வீட்டில் ஆள் இல்லை, அது தூக்கினால் எப்படித் தெரியும் என்று யோசிக்க உன் அப்பா, அத்தை, சித்தப்பா என்று மூன்று பேர் இருக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து நாலாவது ஆளாக நீயும் சேர்ந்துகொண்டாய்.

அண்ணே, இதை நான் எழுதுகிறேன், செல்வி. அம்மா தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். வைத்தியர் புதன்கிழமை தோளை அமுக்கியபோது அம்மா சேலை முந்தியைக் கடித்துக்கொண்டாள். துணியில் பல் பட்டுக் கிழிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் தோளையும் இடுப்பையும் பிடிப்பார்களாம். "நீ காலைப் புடிச்சுக்கணும், விட்டுறக் கூடாது" என்று அப்பா என்னிடம் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தப் பள்ளத்தில் என் விரல்தான் போய் வந்தது, இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் தலையாட்டினேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மா விழித்துவிட்டாள்.

எங்கே விட்டேன்? நாலாவது ஆள். ஆமாம். உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, ஒரு தாய் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும் என்பார்கள். எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. உன் வீட்டுக்கு வருகிறவள் இங்கே வலிக்கிறது என்று சொன்னால் அந்த இடத்தில் நிறுத்து. எவ்வளவு வலி என்று அளந்து பார்க்காதே. நடிக்கிறாள் என்று உனக்குள் ஒரு குரல் சொல்லும், எனக்கும் சொன்னது, நான் அதைக் கேட்டு ஒரு மனிதரை எட்டு மாதம் வதைத்தேன். அவளுக்குப் பிள்ளை பிறந்து இடுப்பு வலி என்று உட்கார்ந்தால், உன் அத்தை ஏதாவது சொல்வாள், அப்போது நீ வாயைத் திற. ஆசையாகச் செய்கிறோம் என்பதால் வலிக்காது என்று நினைத்துவிடாதே. உன் ஆசையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் களுக்கென்ற சத்தத்திலும் சந்தேகம் இல்லை.

முதலில் இந்தக் கடிதத்தில் உன்னைக் கெஞ்சத்தான் நினைத்தேன். கையைத் தொட வேண்டாம் என்று அப்பாவுக்கு ஒரு தந்தி அடி என்று சொல்லப்போனேன். சொல்லும்போதே தெரிந்தது, இது உனக்கு வந்து சேரும்போது ஞாயிறு போயிருக்கும். அதுவும் இல்லாமல், என் கையை இழுக்கலாமா கூடாதா என்று நீயும் உன் அப்பாவும் தந்தியில் பேசி முடிவு செய்வதற்கு அது என்ன வரப்புத் தகராறா? உன் அப்பாவிடம் நானே இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஒரு நா வலி. பொறுத்துக்கிட மாட்டியா? உன் மகனுக்காகத்தானே" என்கிறார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பெண் வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்ற ஒரே பயத்தில்தான் இவ்வளவும் செய்கிறார். அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் இந்த வைத்தியர் இல்லாவிட்டால் இன்னொருவர் வருவார்.

அதனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் செல்வியும் கிளம்புகிறோம். உன் அப்பா காவலிலிருந்து வருவதற்குள் ரோட்டுக்குப் போய்விடுவோம். திண்டுக்கல்லில் இறங்கி, இந்தக் கடிதத்தைப் பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, வத்தலக்குண்டு பஸ் ஏறுவோம். பெண்ணின் மாமன் கடை வாசல் வழியாகவே என்னைக் கூட்டிப்போகச் செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். கழுத்தில் தொட்டிலோடு சம்பந்தி அம்மா முன்னால் உட்கார்ந்து, காய்ச்சல் என்று சொன்னது பொய், இதுதான் என் கை, இது இனிமேல் நெஞ்சு வரைக்கும் தூக்கும், அதற்கு மேல் தூக்குமா என்று சிஸ்டருக்கே தெரியாது, இஷ்டம் இருந்தால் பெண்ணைக் கொடுங்கள் என்று சொல்லப் போகிறேன். அவர்கள் கொடுக்க மாட்டோம் என்றால் நீ என்னோடு ஒரு வருஷம் பேச வேண்டாம், பொறுத்துக்கொள்கிறேன். அது வாயால் வருகிற வலி, தாங்கலாம். கொடுக்கிறோம் என்றால் ஒரு கையால் அட்சதை போடுகிறேன். எப்படி ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் கயிற்றோடு வரும்போது, இன்னாரிடம் மறைக்க வேண்டும் என்று உன் அப்பாவுக்கு யாரும் மிச்சம் இருக்கக் கூடாது.

"பள்ளிக்கூடம் போயிரும்மா" என்கிறாள் செல்வி. போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எப்படி என்று கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. அழுதுகொண்டே எழுதுகிறாள், ஆனால் எழுதுகிறாள். நான் வா என்று சொல்வதற்கு முன்பே, "உன் இடுப்பப் புடிச்சுக்கிட்டு நானும் வாரேம்மா" என்று இவளாகத்தான் சொன்னாள்.

இன்னும் எழுத ஆசைதான். ஆனால் சேலை மாற்ற வேண்டும். ரவிக்கையில் விளங்காத கையைத்தான் முதலில் விட வேண்டும், நல்ல கை பிறகு. மாற்றி மாட்டினால் தோள் பிடித்துக்கொள்ளும். அவசரப்படாமல் செய்தால் அதற்கே அரை மணி நேரம் ஆகும். இப்போதே தொடங்கினால்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும்.

உன் அம்மா